ஒரே கை வண்டி

தரகர் மொக்கையன் பருத்தி மண்டி வாசலில் வைத்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"ஏலே தாவீது, இது ஒரே கை வண்டி. முப்பத்தாறுல எடுத்தது. பத்து வருசமா புஸ்தகத்துல ஒரே பேரு. அடிச்சு எழுதல, திருத்தி எழுதல. பட்டாளத்துல லாரி ஓட்டுனவனுக்கு இதுக்கு மேல நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. தாவீதுராஜ் பதினான்கு வருஷமாக அடுத்தவர் வண்டியை ஓட்டியவன். முதலில் ஒரு டாக்டரம்மாவின் கார், பிறகு யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ், அதற்கும் பிறகு அஸ்ஸாம் மலைப் பாதையில் பட்டாளத்து லாரி. வண்டி எதனால் கெடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். ரோட்டினால் அல்ல, கை மாறுவதனால். ஒருவன் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுவான். இன்னொருவன் மேட்டில் கியர் மாற்றாமல் எஞ்சினை முக்கவிடுவான். இன்னொருவனுக்கு ஆயில் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. நாலு கை மாறிய வண்டியில் நாலு பேருடைய கெட்ட பழக்கமும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரே கை என்றால் ஒரே ஒரு கெட்ட பழக்கம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் வண்டி நம்முடையது.

காரை விற்கிற மண்டி முதலாளி சங்கரபாண்டியன் அதன் பதிவுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மொக்கையன் சொன்னது சரிதான். 'சங்கரபாண்டியன், அருப்புக்கோட்டை' என்று முதல் பக்கத்தில் நீல மை வெளிறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு வேறு பேரே இல்லை. மண்டிக்குப் பின்னால் ஷெட்டில் கார் நின்றது. கறுப்பு நிறம், அமெரிக்காக்காரன் செய்தது, கதவைச் சாத்தினால் இன்னும் பெட்டியை மூடியதுபோல் சத்தம் வந்தது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். பெட்ரோல் கூப்பன் வியாழக்கிழமைதான் வரும் என்றும், வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் முதலாளி சொன்னார். அன்று திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே மனைவி ஞானப்பூவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஒக்காந்து சொல்லுங்க," என்றாள்.

அவனால் முடியவில்லை. ஊருக்குத் திரும்பி நாலு மாதமாகிவிட்டது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பான், நிற்கிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவான், மறுபடி நடப்பான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவனும் அவளும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது மூன்று வருஷம்கூட வராது. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் லாரிக்கு ஆள் எடுக்கிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் வா என்று கூட்டாளி ஒருவன் எழுதிய கடுதாசி ஜன்னல் கட்டையில் கிடந்தது. அதற்கு அவன் பதிலும் எழுதவில்லை, அதைக் கிழித்துப் போடவும் இல்லை.

"காரு வந்தா இங்க இருப்பீக. வரலேன்னா போயிருவீக. அதான?" என்றாள் ஞானப்பூ, சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதேதான். இந்த ஊரில் இன்னொருத்தர் கை தட்டிக் கூப்பிட்டு ஓடிப் போய்க் கதவைத் திறக்கிற வேலையை இனிமேல் செய்வதில்லை என்று வந்த அன்றே சொல்லியிருந்தான். ஓட்டினால் பட்டாளத்தில் சேர்த்த காசில் வாங்கி, தன் பேர் எழுதிய வண்டியை வாடகைக்கு ஓட்டுவது, இல்லையென்றால் யாருக்கும் தன்னைத் தெரியாத இடத்துக்குப் போய்விடுவது. நடுவில் வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வரை சும்மா இருக்க முடியுமா? பாலவனத்தத்தில் ஒரு வீட்டில் அந்தக் காருக்குப் பொருந்துகிற பழைய டயர் ரெண்டு கிடக்கிறதென்று சைக்கிள் கடையில் காதில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எதிர்க்காற்று, ரெண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு, நிழலுக்கு அங்கங்கே ஒரு உடைமரம். போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டயர் வைத்திருந்தவர் நாற்பது வயதுக்காரர், நல்ல தடித்த உடம்பு. எந்தக் காருக்கு என்று கேட்டார். அருப்புக்கோட்டை மண்டி சங்கரபாண்டியன் அண்ணாச்சி காரை வாங்கப்போகிறேன், அதற்கு என்றான் தாவீதுராஜ்.

அவர் சிரித்தார். "அது என் காருய்யா."

"இல்ல அண்ணாச்சி, நான் புஸ்தகத்தப் பாத்தேன். சங்கரபாண்டியன்னுதான் போட்டிருக்கு."

"நாந்தான் அந்தச் சங்கரபாண்டியன்."

தாவீதுராஜ் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான். அவர் சாவகாசமாக விளக்கினார். அவருடைய தாத்தா பெரிய சங்கரபாண்டியன். தாத்தாவுக்கு நாலு மகன்கள். நாலு பேரும் மூத்த பையனுக்குத் தாத்தா பேரைத்தான் வைத்தார்கள். வைக்காவிட்டால் கிழவர் சொத்து எழுதுகிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயம். ஆகவே பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள் நாலு பேரும் சங்கரபாண்டியன்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துல யாராச்சும் 'ஏ சங்கரபாண்டி'ன்னு கூப்புட்டா, நாலு பந்தியிலயும் ஒருத்தன் எந்திரிப்பான்," என்றார்.

காரை முதலில் எடுத்தது இவர். ரெண்டு வருஷம் வைத்திருந்தார். பிறகு திருச்சுழித் தம்பி கேட்டான், கொடுத்துவிட்டார். அவன் காரியாபட்டித் தம்பிக்குக் கொடுத்தான். அவனுக்கப்புறம் மண்டிக்காரன்.

"பேரு மாத்தலையா?"

"பேரு மாத்த என்னய்யா இருக்கு? அவனும் சங்கரபாண்டியன், நானும் சங்கரபாண்டியன். விலாசம் எல்லாத்துக்கும் அருப்புக்கோட்டைத் தாத்தா வீடுதான். சர்க்காருக்கு எதுக்கு வீணா வேல வைக்கணும்?"

தாவீதுராஜ் வீட்டில் பேர் வைப்பது பாதிரியார் வேலை. வேதப் புத்தகத்தைப் புரட்டி, தெருவில் ஏற்கெனவே இல்லாத பேராகப் பார்த்து வைப்பார். ஒரே பேர் என்றால் ஒரே ஆள் என்றுதான் அவனுக்குப் படித்துப் பழக்கம். மொக்கையனுக்கு இது தெரியுமா தெரியாதா என்று நினைக்க நினைக்கக் காது சூடேறியது. பொறுமையை வரவழைத்துக்கொண்டு, வண்டி எப்படி என்று கேட்டான்.

வண்டி மெத்தென்று இருக்கும், கல்யாண ஊர்வலத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன், மடியில் வைத்த தேங்காய் அசையவில்லை என்றார் அவர்.

"எஞ்சினு?"

"அதெல்லாம் இருளப்பசாமிக்குத்தான் தெரியும்."

டயரை வாங்காமலே திரும்பினான். ஒரு கை இல்லை, நாலு கை. விட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் விட்டால் அஸ்ஸாம்தான். மறுநாள் விடியவும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினான். நாலு பேருடைய கெட்ட பழக்கமும் என்னென்ன என்று தெரிந்துகொண்டாவது வந்துவிடலாம் என்று பட்டது.

ரெண்டாவது சங்கரபாண்டியனுக்குத் திருச்சுழியில் பலசரக்குக் கடை. வற்றல் நிறுத்துக்கொண்டே பேசினார். வாடிக்கைக்காரர் உட்கார நல்ல தோல் மெத்தை போட்ட பெஞ்சு ஒன்று இருந்தது. தாவீதுராஜை அதில் உட்காரச் சொன்னார். காரைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்போது மாட்டு வண்டியைவிட அதுதான் தோது என்று சொன்னார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, பதினெட்டு கடலை எண்ணெய் டின் ஏற்றுவாராம், மேலே ரெண்டு மூட்டை மல்லியும் போடுவாராம்.

"அந்தச் சீட்டு?"

"அதுமேலதான ஒக்காந்திருக்கீக."

தாவீதுராஜ் எழுந்துவிட்டான். பதினெட்டு டின் என்றால் பின் ஸ்பிரிங் பட்டை என்ன ஆகியிருக்கும் என்று அவன் மனசு கணக்குப் போட்டது. ஸ்பிரிங் உடைந்ததா, அச்சு வளைந்ததா, யார் சரி பண்ணினார்கள் என்று அடுக்கினான். கடைக்காரர் தராசுத் தட்டைத் தட்டிக் காலி செய்தார். அதையெல்லாம் இருளப்பசாமியிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

காரியாபட்டியில் மூன்றாவது சங்கரபாண்டியன் உயிரோடு இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய மனைவி சண்முகவடிவு கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். வியாழக்கிழமை மத்தியானம், தெருவில் நாய்கூட இல்லை.

நாற்பத்தொன்றில் கார் வந்தது, வந்த கொஞ்ச நாளில் பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று என்றாள். அவர் போகிற வரைக்கும் ரெண்டு வருஷம், மாட்டுத் தொழுவத்தில் நாலு சக்கரத்துக்கும் கருங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்களாம். "அவுக தெனமும் காலையில காருக்குள்ள ஒக்காந்துதான் பேப்பர் படிப்பாக. யாராச்சும் தேடி வந்தா, கார்ல இருக்காகன்னு சொல்லச் சொல்லுவாக. அது ஓடி நான் பாத்ததில்ல."

நின்ற வண்டி, ரெண்டு வருஷம். உள்ளே துருப்பிடித்து எஞ்சின் இறுகியிருக்க வேண்டும். அது எப்படி இப்போது ஓடுகிறது என்று கேட்டான்.

"இருளப்பசாமி வந்து சுத்திவிட்டுட்டுப் போவாரு."

மூன்று ஊர், மூன்று இருளப்பசாமி. சங்கரபாண்டியன் நாலு பேர் மாதிரி இதிலும் ஒரு கூட்டம் இருக்கிறதோ என்று தாவீதுராஜுக்குத் தலை சுற்றியது. "அவுக எந்த இருளப்பசாமிம்மா?"

"எந்த இருளப்பசாமியா? ஒரே ஆளுதான். காரோட வந்தாரு, காரோட போனாரு," என்றாள் சண்முகவடிவு.

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டில் அந்த ஆளைப் பார்த்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஒல்லி, காக்கிச் சட்டையின் காலர் நைந்து நூல் தெரிந்தது. மொக்கையன் பின்னால், பழைய சீட்டுக்குப் பதிலாகப் போட்டிருந்த பலகைச் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டான். இருளப்பசாமி ஹாண்டிலைப் போட்டு ஒரே சுற்றில் எஞ்சினை எழுப்பிவிட்டு, இடது பக்கம் போய் உட்கார்ந்தார். தாவீதுராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தான். திருச்சுழி ரோட்டில் ஒரு மைல் போவதற்குள் காப்பிக் கடையைப் பார்த்ததும் மொக்கையன் இறங்கிக்கொண்டான். திரும்பும்போது ஏற்றிக்கொள்ளச் சொன்னான்.

எஞ்சின் நன்றாக இருந்தது. அதுதான் ஆச்சரியம். ஆனால் பின்னால் இடது சக்கரத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். மொக்கையன் பேச்சில் அது கேட்கவில்லை. அவன் இறங்கியதும் நன்றாகக் கேட்டது.

"பேரிங்கு போச்சு தம்பி," என்றார் இருளப்பசாமி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அச்சும் ரொம்ப நாளைக்கித் தாங்காது. ஒங்களுக்குச் சொல்றேன், எடுத்துராதீக. நான் சொன்னேன்னு முதலாளி காதுக்குப் போகவேணாம்."

ஜன்னல் கட்டையில் கிடந்த கடுதாசி தாவீதுராஜின் கண் முன் வந்தது. ரயில், மூன்று நாள், குளிர், யாரோ ஒரு துரையின் லாரி. ஆத்திரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கார் எகிறியது. ரெண்டு பக்கமும் பனைமரங்கள் பின்னால் ஓடின.

சத்தம் நின்றுவிட்டது.

வேகத்தைக் குறைத்தான். கடகட. கூட்டினான். ஒன்றுமில்லை. பேரிங் போன சக்கரம் வேகம் கூடக்கூட அலறும், அடங்காது. அஸ்ஸாமில் எத்தனையோ லாரியில் அதைக் கேட்டிருக்கிறான். வேகத்தில் அடங்கி மெதுவில் பேசுகிற சத்தம் என்றால் உள்ளே ஏதோ தளர்வாக உருள்கிறது. வேகத்தில் ஓரத்தோடு ஒட்டிக்கொள்கிறது, மெதுவில் விழுகிறது.

கண்மாய்க் கரையோரம் நிறுத்தினான். டிக்கியிலிருந்து கம்பியை எடுத்து இடது பின் சக்கரத்தின் மூடியை நெம்பினான். மூடி கழன்றது, உள்ளேயிருந்து மூன்று சரளைக் கற்கள் தரையில் விழுந்தன.

இருளப்பசாமி இறங்கி வந்திருந்தார். கற்களைப் பார்க்கவில்லை, தண்ணீர் வற்றிய கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன பேரத் திருப்பி அனுப்பியிருக்கீக?" என்றான் தாவீதுராஜ்.

"ரெண்டு பேரு. ஒருத்தரு டிரைவரோடயே வந்தாரு. இன்னொருத்தருக்கு மகன் ஓட்டுவானாம்."

"டிரைவர் இல்லாத ஆளு வந்தா?"

"அதுக்குக் கல்லு போட மாட்டேன்."

பிறகு அவராகவே சொன்னார். நாலு அண்ணன் தம்பியும் காரைக் கை மாற்றும்போதெல்லாம் இருளப்பசாமியும் சேர்த்துத்தான் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். ஸ்டெப்னி உண்டு, ஜாக்கி உண்டு, இருளப்பசாமி உண்டு. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அந்த ஒரு வார்த்தையில் பத்து வருஷம் அவருக்குச் சோறு கிடைத்தது. கார் கல் மேல் நின்ற ரெண்டு வருஷமும் சம்பளம் பாதிதான். ஆனாலும் வாரத்துக்கு ரெண்டு தடவை அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டிக்குப் போய் எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டு வந்திருக்கிறார், இறுகிவிடக்கூடாது என்று.

"இப்ப டிரைவரே வாங்க வாராருன்னு மொக்கையன் சொன்னான். டிரைவரு வாங்குற காருக்கு டிரைவரு எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

தாவீதுராஜ் கீழே கிடந்த கற்களைக் காட்டினான். "இந்தக் கல்லக் கொண்டுபோயி முதலாளிகிட்டக் காட்டுனா?"

"காட்டுங்க. இன்னிக்கே என்னய வெளியில போகச் சொல்லிருவாக. நீங்க முழு விலைக்கு வாங்கணும். காட்டாம, பேரிங்கு போச்சுன்னு சொன்னீகன்னா சல்லிசா வாங்கலாம். ரெண்டுலயும் எனக்கு ஒண்ணுதான்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "நல்ல காதுய்யா ஒங்களுக்கு. முன்ன வந்த டிரைவரு பயந்து ஓடிட்டான்."

"வண்டி உண்மையில எப்பிடி?"

"அது ஒரு நாள்ல சொல்ற கதையில்ல." ஆனாலும் அவரால் அடக்க முடியவில்லை. எண்ணெய் டின் ஏற்றியதில் பின் பட்டை தட்டையாகிப் போனதையும், மதுரையில் லாரிப் பட்டை ஒன்றைத் தேடி வாங்கி அறுத்துப் போட்டதையும் சொன்னார். ரெண்டாம் கியரை நேராகத் தள்ளினால் விழாது, கொஞ்சம் இழுத்துப் பிடித்து மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத் தள்ள வேண்டும். மழையில் கரிசலில் இறங்கினால் என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எறங்குனா?"

"மிச்சம் எனக்குள்ளயே இருக்கட்டும் தம்பி. என்கிட்ட வேற என்ன இருக்கு?"

தாவீதுராஜ் கரைமேல் ஏறி நடந்தான். அந்தக் கோடிவரை போனான், திரும்பினான், மறுபடி போனான். மூன்று நாளாக மூன்று ஊர் அலைந்து யாரைத் தேடினோம் என்று யோசித்தான். கல்யாணத்துக்கு உட்கார்ந்தவரும் டின் ஏற்றியவரும் பேப்பர் படித்தவரும் இந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. மொக்கையன் தெரியாமலே உண்மையைச் சொல்லியிருக்கிறான். இது ஒரே கை வண்டிதான், அந்தக் கை கீழே நிற்கிறது, நகக்கண்ணில் கிரீஸோடு. பத்து வருஷத்தில் இந்த வண்டி கை மாறவே இல்லை. தான் வாங்கினால்தான் முதல் தடவையாகக் கை மாறப்போகிறது. முழு விலையும் கொடுத்து, உள்ளே இருக்கிறதில் பாதியை, அந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்ததை, ரோட்டிலேயே இறக்கிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும்.

அப்படி நினைத்தபோது அவர்மேல் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டால் அதற்குள்ளும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

இறங்கி வந்தான். "ஒரு நாளு நீங்க, ஒரு நாளு நான். யாரு நாளுல வந்தாலும் வர்ற வாடகைய ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிருவோம். பெட்ரோலு, ரிப்பேரு போக."

இருளப்பசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வயிறு நெறையுமா?"

"தெரியாது. எங்க வீட்டுல பள்ளிக்கூடத்துச் சம்பளம் வருது."

"என் வீட்டுல நாந்தான்." கம்பியை எடுத்து டிக்கியில் போட்டார். "புஸ்தகத்துல?"

"என் பேரு."

"அது ஒங்க பேருதான் தம்பி. அத யாரு கேட்டா," என்று சொல்லிவிட்டு, குனிந்து மூடியை எடுத்துச் சக்கரத்தில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அது உட்கார்ந்துகொண்டது. கற்களைக் காலால் ஓரம் தள்ளினார்.

அன்று சாயங்காலமே பேச்சு முடிந்தது. சின்னச் சத்தம் ஒன்று இருந்தது, சரியாகிவிட்டது என்றான் தாவீதுராஜ். முதலாளி சந்தோஷப்பட்டார். பேரம் பேசத் தெரியாத பயலைப் பட்டாளத்தில் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று மொக்கையன் வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தான். கையெழுத்துப் போட வேண்டியது பாலவனத்தத்துச் சங்கரபாண்டியன் என்பதால் அவரையும் கூட்டிவந்தார்கள். கார் கைவிட்டுப் போகிறபோதாவது தன் பேரில் இருக்கிறதே என்று அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

புத்தகத்தில் ரெண்டாவதாக ஒரு பேர் ஏறியது. தாவீதுராஜ் அதைத் திறந்து பார்த்தான், மூடினான், திறந்து பார்த்தான். அன்றைக்கே அஸ்ஸாமுக்கு வரவில்லை என்று ஒரு கார்டு எழுதினான். கார்டை ஞானப்பூதான் தபால் பெட்டியில் போட்டாள். அவனிடம் கொடுத்தால் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

கார் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் ஆள் ஏற்றி ஓடத் தொடங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் இருப்பது அஸ்ஸாமைவிடக் கஷ்டமாக இருந்தது. இருளப்பசாமி நாளில் வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கார் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பான். எப்போதும் ஆள் நிறைந்துதான் வந்தது. உள்ளே அஞ்சு பேர், ஃபுட்போர்டில் ரெண்டு பேர். அவன் நாளில் மூன்று பேர் சேர்ந்தால் அதிகம். காரணத்தை இருளப்பசாமியே தயங்கித் தயங்கிச் சொன்னார். முதலாளிமாரை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ரோட்டில் நடந்து போகிறவர்களை ஏற்றிக்கொள்வாராம். பிரசவத்துக்கு, பாம்புக் கடிக்கு, கோர்ட்டுக்கு. காசு வாங்கியதில்லை, முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அந்த ரோட்டு ஜனங்களுக்கு முகம் தெரியும்.

"அவுக இதுவரைக்கும் கொடுக்காததையெல்லாம் இப்பக் கொடுக்குறாக தம்பி," என்றார், எண்ணாமல் பாதியை நீட்டியபடி.

மூன்றாவது வாரம், தாவீதுராஜின் நாள். திருச்சுழியில் சந்தை. காரில் ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்து அரை மணி நேரமாகி, அவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் ரெண்டு ஆளாவது இல்லாவிட்டால் பெட்ரோலுக்குக் கட்டாது. புளியமரத்தடியில் ஒரு பெண் வற்றல் மூட்டை மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவன் வந்தபோதும் அங்கேயேதான் நின்றாள்.

அருப்புக்கோட்டைக்கா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அப்படியென்றால் ஏறலாமே என்றான்.

"இல்லய்யா. இருளப்பசாமி காரு வரட்டும்னு நிக்கிறேன்."

"இதான் தாயி அந்தக் காரு."

அவள் மரத்தடியை விட்டு வந்தாள். காரை முன்னாலிருந்து பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். இடது பின் மட்கார்டு நசுங்கியிருந்த இடத்தை விரலால் தொட்டாள். அவளுக்கு அது தெரிந்த இடம்போலிருந்தது. முகம் தெளிந்தது.

"அவரு எங்க?"

"இன்னிக்கி நான். நாளைக்கி அவரு வருவாரு."

"ஓ," என்றாள் அவள். "அப்ப நீங்க அவருகிட்ட டிரைவரா இருக்கீகளா?"

உள்ளே உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாவீதுராஜ் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அவள் ஒரு கையால் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு நின்றாள். தூரத்தில் அருப்புக்கோட்டை பஸ்ஸின் புழுதி கிளம்பியது.

"ஆமா," என்றான். "மூட்டையக் கொண்டாங்க."

அவளே தூக்கிக் காலடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே, அவளோடு வந்தவர்கள் போலிருக்கிறது, இன்னும் ரெண்டு பேர் வந்து ஏறினார்கள். தாவீதுராஜ் ஹாண்டிலைச் சுற்றினான். முதல் சுற்றில் எழவில்லை, மூன்றாவதில் எழுந்தது. ஊர் எல்லை தாண்டி ரெண்டாம் கியர் போட இழுத்துப் பிடித்து மூன்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் சாய்ந்து சொன்னாள்.

"அந்தப் பாலத்துக்கிட்ட மெதுவாப் போங்க. அவரு அங்க மெதுவாத்தான் போவாரு."

ஏன் என்று அவனுக்குத் தெரியாது. இருளப்பசாமி அதை இன்னும் சொல்லவில்லை. பாலம் வந்தது. அவன் மெதுவாகப் போனான்.